கேள்விக்குறியின் மனைவி

முன்னே ஒரு காலத்தில், வேங்கைபுரி என்றொரு நாடு. அங்கே ராஜா சொன்னதுதான் சட்டம். ஏன் என்று கேட்டவர்கள் என்ன ஆனார்கள் என்பதுதான் இந்தக் கதை.

ராஜாவுக்கு யானை கட்ட இடம் போதவில்லை. ஏரியை மண் போட்டு மூடச் சொன்னார். அந்த ஆணையை ஓலையில் எழுதிச் சபையில் படித்தவன் காளிங்கன் என்ற மந்திரவாதி.

"கொஞ்சம் நிறுத்துப்பா" என்று ஒரு பெரியவர் கையை உயர்த்தினார். "அடப் பாவிகளா!" என்று ஒருத்தி அலறினாள். "அப்ப பயிருக்குத் தண்ணி?" என்று கேட்டான் இளந்திரையன் என்கிற உழவன்.

காளிங்கன் எழுத்தாணியைச் சுழற்றினான். மூவரும் சுருங்கி, ஓலையில் மூன்று கீறல்களாக ஒட்டிக்கொண்டார்கள்.

"இனி நீ காற்புள்ளி. நீ வியப்புக்குறி. நீ கேள்விக்குறி. சொந்த வீட்டார் இங்கே வந்து, சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து போகலாம்" என்று சிரித்தான். யாரும் வரமாட்டார்கள் என்பது அவனுக்குத் தெரியும்.

ஜனங்களுக்குச் சபைக் கதவு வருஷத்தில் ஒரு நாள்தான் திறக்கும். முதல் வருஷம் உழவன் மனைவி அஞ்சுகம் வந்தாள். "ஏங்க!" என்றாள். ஓலை அசையவில்லை. இரண்டாம் வருஷம் வந்தாள். "பாப்பாவோட அப்பா!" என்றாள். ஓலை அசையவில்லை.

புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று அந்த நாடே நம்பியது. அவளும் நம்பினாள், பாவம்.

மூன்றாம் வருஷம் வந்தாள். ஏரி இருந்த இடத்தில் யானைகள் நின்றன.

"குறைஞ்சா குறையட்டும்! இளந்திரையா, எந்திரிச்சு வா!"

எழுத்தாணி இரண்டாக முறிந்தது. இளந்திரையன் எழுந்து நின்றான். ஓலையைத் திரும்பிப் பார்த்தான்.

"இவங்க வீட்டுக்காரங்க வரலையா?"

பெரியவரின் மகன் அங்கேதான் நின்றான். யானைக் கொட்டிலில் அவனுக்கு நல்ல உத்தியோகம்.

"பேரைச் சொல்லுப்பா. ஒரு வார்த்தைதானே?"

"எங்கப்பா செத்துட்டாருன்னு ஊர்ல சொல்லியாச்சுங்க" என்று அவன் நகர்ந்துவிட்டான். அலறியவளின் புருஷன் புது மனைவியோடு வந்திருந்தான். அவளை இழுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் நழுவினான்.

இளந்திரையன் இருவர் பெயரையும் சொல்லித் தொண்டை கட்டும்வரை கூப்பிட்டான். அயலான் குரலுக்கு ஓலை அசையவில்லை. அஞ்சுகம் அவன் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துப் போனாள். அவர்கள் நன்றாகவே வாழ்ந்தார்கள்.

மற்ற இருவரும் இன்னும் ஓலையில்தான் இருக்கிறார்கள். நாமும் காற்புள்ளி, வியப்புக்குறி என்றே கூசாமல் சொல்கிறோம். அவர்களுடைய சொந்தப் பெயர் என் காதுவரை வந்து சேரவில்லை.