அரக்கு வைத்த நாவல் பானை

“பொங்குகிறதுக்கு மூடி போட்டா…” என்று எங்கள் பெரியப்பா ஒரு பழமொழியை ஆரம்பிப்பார். பின்பாதி எனக்கு மறந்துவிட்டது. அதற்காக அவர் சொன்ன கதை மட்டும் நிற்கிறது.

ஒரு காலத்தில் வெள்ளிமேடு என்ற நாட்டை ஆதன்வேள் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் எதிலும் சீக்கிரம் சலித்துப்போவார். ‘முடியாது’ என்ற சொல் மட்டும் அவருக்கு ஆகவே ஆகாது. சபையில் அதைச் சொன்னவன் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போக வேண்டும் என்று சட்டமே போட்டிருந்தார். “ஆகட்டும் மகாராஜா” என்று சொல்லிச் சொல்லியே சபை களைத்துக் கிடந்தது.

எல்லோரையும்விடக் களைத்தவர் மந்திரி மெய்யப்பர். அவருக்கு இருந்த ஒரே இளைப்பாறல் வீட்டுக் கொல்லையில் ஒரு பானை. முளைகட்டிய கேழ்வரகை இடித்துக் காய்ச்சி, நுரைத்துப் புளிக்கும்படி ஊறல் போடுவார். ஒரு தடவை இஞ்சி தட்டிப் போடுவார், ஒரு தடவை எலுமிச்சைத் தோலும் துளசியும். கெட்டுப்போனால் எருக்குழியில் கொட்டுவார். ஏன் கெட்டது என்று யாரும் கேட்க மாட்டார்கள். அதுதான் அதில் சுகம்.

எப்படியோ ராஜா அதில் ஒரு குவளை குடித்துவிட்டார். சுகம் அன்றோடு போயிற்று.

“அடுத்த பௌர்ணமிக்கு மாதுளை போடும், மந்திரியாரே.”

“ஆகட்டும் மகாராஜா.”

“அதற்கடுத்து மல்லிகைப்பூ.”

“ஆகட்டும்.”

மல்லிகை ஊறலைக் குடித்த ராஜா முகம் சுளித்தார். “கல்யாண மாலையைக் கடித்த மாதிரி இருக்கிறதே.”

“எனக்கும் அப்படித்தான் இருந்தது, மகாராஜா,” என்றார் மந்திரி.

அரண்மனைக்குள் வரும் தேன், நெய், பன்னீர் எல்லாவற்றுக்கும் வாயை அடைத்து அரக்கு முத்திரை வைப்பது அந்த நாட்டு வழக்கம். வைப்பவர் அம்பலக்கூத்தர் என்ற அதிகாரி. மந்திரிக்குக் கிடைக்கும் மதிப்பு அவருக்குப் பொறுக்கவில்லை.

“மகாராஜா, எல்லாம் முத்திரையோடு வருகிறது. மந்திரியார் பானை மட்டும் வாயில் துணி கட்டிக்கொண்டு வருகிறது. துணியை அவிழ்த்து விஷம் போட எவ்வளவு நேரமாகும்?”

ராஜாவின் புருவம் ஏறியது. “அறுவடைத் திருவிழாவுக்கு நாவல்பழம் போட்ட ஊறல் வேண்டும். முத்திரையோடு வர வேண்டும். என்ன சொல்கிறீர், மந்திரியாரே?”

மந்திரிக்குத் தெரியும், முத்திரை வைத்தால் பானை என்னவாகும் என்று. முடியாது என்றால் குடும்பம் என்னவாகும் என்றும் தெரியும்.

“ஆகட்டும் மகாராஜா. ஒரே ஒரு வேண்டுகோள். என் கை பட்டால்தானே சந்தேகம்? ஊறிய பானையைக் கொடுத்துவிடுகிறேன். பழத்தை அம்பலக்கூத்தரே போடட்டும், முத்திரையும் அவரே வைக்கட்டும், காவலும் இருக்கட்டும். இன்னொரு பானை துணி மூடியோடு என் வீட்டில் இருக்கட்டும். அதை உங்கள் முன்னால் நான் முதலில் குடிக்கிறேன்.”

“பேஷாகச் செய்கிறேன்,” என்றார் அம்பலக்கூத்தர். இனிக்கட்டும் என்று பழத்தோடு வெல்லத்தையும் போட்டார். களிமண்ணால் அடைத்து, மேலே மூன்று சுற்று அரக்கு வைத்தார்.

திருவிழா அன்று உச்சி வெயிலில் பானையைத் தானே மடியில் வைத்துக்கொண்டு பல்லக்கில் வந்தார்.

சபைக்குள் அதை இறக்கியதும் மந்திரி எழுந்து, “மகாராஜா, கொஞ்சம் இந்தத் தூணுக்குப் பின்னால் வந்து உட்காருங்களேன்,” என்றார்.

“எதற்கு?”

“இங்கே காற்று நன்றாக வருகிறது.”

ராஜா சலிப்போடு நகர்ந்தார். அம்பலக்கூத்தர் காதைப் பானையில் வைத்து, “உள்ளே ஏதோ முனகுகிறதே,” என்றார்.

படார்.

பானை வெடித்துப் புகை மாதிரி எழுந்த நுரை அடங்கியபோது தலைப்பாகை முதல் செருப்பு வரை நாவல் நிறத்தில் நின்றார் அம்பலக்கூத்தர். ஒரு பழக்கொட்டை அவர் மீசையிலிருந்து தொங்கியது. சபை மூச்சை அடக்கிக்கொண்டு ராஜாவைப் பார்த்தது. தூணுக்குப் பின்னாலிருந்து ராஜா சிரித்தார். அந்தச் சத்தம் அவருக்கே புதிதாக இருந்தது.

“சதி, மகாராஜா,” என்றார் அம்பலக்கூத்தர்.

“பழம் போட்டது யார்?” என்று கேட்டார் ராஜா.

“நான்தான்…”

“அடைத்தது?”

அம்பலக்கூத்தர் மீசையைத் துடைத்துக்கொண்டார்.

“இனிப்பு விழுந்தால் அடங்கின ஊறல் மறுபடி பொங்கும், மகாராஜா,” என்றார் மந்திரி. “துணி என்றால் மூச்சு விடும். அரக்கு விடாது.”

“இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே.”

“எந்த வார்த்தையால் சொல்வது, மகாராஜா?”

மந்திரி தன் பானையிலிருந்து ஒரு குவளை குடித்துக் காட்டிவிட்டு, மறு குவளையை நீட்டினார். வெறும் இஞ்சிதான் போட்டிருந்தது. ராஜா நிதானமாகக் குடித்து முடித்தார். தரையைத் துடைக்கும் வேலையை அம்பலக்கூத்தருக்குக் கொடுத்தார்.

“உமக்கு என்ன பரிசு வேண்டும், மந்திரியாரே?”

“இந்தச் சபையில் ஒரு வார்த்தை, ஒரே ஒரு தடவை. தண்டனை இல்லாமல்.”

“தந்தேன். அது கிடக்கட்டும், வருகிற பௌர்ணமிக்குப் பலாச்சுளை போட்டு…”

“முடியாது, மகாராஜா,” என்றார் மெய்யப்பர்.

துடைத்துக்கொண்டிருந்த அம்பலக்கூத்தரின் கைகூட நின்றுவிட்டது. ராஜா காலிக் குவளையைக் கையில் ஒரு தடவை உருட்டிவிட்டுக் கீழே வைத்தார்.

அன்று மாலையே அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார்.