பதினோரு ஊருக்கு ஒரே சபை

முன்னொரு காலத்தில் நெடுவயல் நாட்டை வச்சிரமாறன் என்றொரு ராஜா ஆண்டான். கெட்டவன் இல்லை, ஆனால் பிடித்த முயலுக்கு மூன்றே கால். பதினோரு ஊர்ச்சபைகள் பதினோரு விதமாகப் பேசுவது அவனுக்குத் தலைவலி. முகஸ்துதியிலேயே முன்வரிசைக்கு வந்த சோபனாதர் அதற்கு மருந்து சொன்னார்: எல்லாவற்றையும் கலைத்து ஒரே சபை. அது அவருடைய சொந்த ஊரில், பௌர்ணமிக்குப் பௌர்ணமி கூடும். குறை சொன்னால் நாடு கடத்தல் என்று முரசும் அறைந்தாயிற்று.

இரண்டு மாதம் கழித்து, ஜனங்கள் என்ன சொல்கிறார்கள் என்று ராஜா கேட்டான். ஒரு மனுகூட வரவில்லை, எல்லாருக்கும் ஆனந்தம் என்றார் சோபனாதர். மனு எப்படி வரும்? ஊர்ச்சபை முத்திரை இல்லாத ஓலை அரண்மனை வாசலைத் தாண்டக் கூடாது என்பது அந்நாட்டு வழக்கம். சபையே போனபின் முத்திரை ஏது? ராஜாவுக்கு அது உறைக்கவில்லை.

ஐப்பசி அடைமழையில் ஒருநாள் காலை, கூவைப்பாடி ஏரிக்குக் காவலாக இருந்த மாடத்தி அரண்மனைக்கு ஓடிவந்தாள். வாசல்காவலர் விரட்டவே, மந்திரி இளநாகரின் பல்லக்கை மறித்தாள்.

"ஏரி தளும்புது சாமி. மிச்சத் தண்ணி வடியுற கலிங்குப் பலகையை எடுத்தா கீழூர்ப் பயிரு முழுகும், எடுக்காட்டி கரை நிக்காது. முன்னெல்லாம் ரெண்டு ஊர்ச் சபையும் பேசி ஒரு நாழிகையில முடிவு சொல்லிரும். இப்ப பௌர்ணமிக்கு ஒன்பது நாள் கெடக்கு. நானா எடுத்தா கையை வெட்டிருவாங்க."

நேரே சொன்னால் இளநாகரை எல்லையில் கொண்டுபோய் விடுவான் ராஜா. ஏரிக்கு அதனால் பயனில்லை. அவர் அடுக்களைப் பக்கம் நடந்தார்.

உச்சிப்பொழுதில் ராஜா சாப்பிட உட்கார்ந்தான். ரசத்தில் உப்பில்லை. கேட்டால், அரண்மனையின் நான்கு அடுக்களையும் ஒன்றாகி யானைக் கொட்டாரத்துக்குப் போய்விட்டதாம், உப்புக்கு அங்கே அனுமதி கேட்க ஆள் போயிருக்கிறதாம். சோறு ஆறிப்போனது. கடைசியில் உப்பு வந்தது, யானைக் கவளத்துக்குப் போடுகிற கணக்கில் ஒரு கூடை. இது மந்திரியின் துரோகம் என்று குதித்தார் சோபனாதர்.

"ஒரு மனுகூட வரவில்லையே பிரபு," என்றார் இளநாகர். "எல்லாருக்கும் ஆனந்தம்தான்."

ராஜா முறைத்தான். பிறகு சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

"எந்த ஊர்?" என்று கேட்டான்.

பதினோரு சபைகளையும் அப்போதே திரும்பக் கொடுத்தான் ராஜா. தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். பலகை எடுக்கும் ஆணையோடு இளநாகரும் மாடத்தியும் வண்டியில் விரைந்தார்கள். சோபனாதரையும் ஏற்றி அனுப்பினான் ராஜா.

கூவைப்பாடியில் ஏரி இல்லை. கரை இருந்த இடத்தில் சேறும், சேற்றில் கூரைகளும் கிடந்தன. ஆறு பேரைக் காணவில்லை என்றார்கள். மாடத்தி ஆணையோலையைக் கையில் வாங்கவே இல்லை.

"இனிமே பலகை எதுக்கு சாமி," என்றாள்.

கரை எழும்பும்வரை சோபனாதர் கூடையில் மண் சுமக்க வேண்டும் என்று மறுநாள் தீர்ப்பு வந்தது. சுமந்தார். ஊரார் யாரும் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

கரை எப்போது உடைந்தது என்று மட்டும் இளநாகர் விசாரித்தார். உச்சிக்குக் கொஞ்சம் தள்ளி என்றார்கள். ராஜா உப்புக்குக் காத்திருந்த நேரம். முத்துமாலையை அங்கேயே கழற்றிவிட்டார். அதன்பிறகு சாகும்வரை அவர் சோற்றில் உப்புப் போட்டுச் சாப்பிடவில்லை.