வாசலில் பத்து ஜோடி செருப்பு

முன்னொரு காலத்திலே, எந்த நாடு என்று மட்டும் கேட்காதீர்கள், ஓர் அரசர் இருந்தார். காலையில் ஒரு சட்டம் போடாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

அவருடைய அமைச்சர் ஏகவீரருக்கு வளையல்காரத் தெருவில் மாளிகை. எதிரே ஓர் ஓட்டு வீடு. அதில் சுமனர் என்ற பிக்கு, புத்தர் சிலை வைத்து வழிபாடு நடத்திவந்தார். அந்த இடத்தில் தன் பல்லக்குக்குக் கொட்டகை போட வேண்டுமென்று அமைச்சருக்கு ஆசை.

"அரசே, குடியிருக்கும் தெருவில் விகாரை நடக்கிறது! எங்கிருந்தோ கூட்டம் வருகிறது" என்றார் அமைச்சர்.

"வீடா விகாரையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?"

"வாசலில் பத்து ஜோடிக்கு மேல் செருப்பு கிடந்தால் அது வீடே அல்ல, அரசே."

அன்றைய சட்டம் கிடைத்துவிட்டது. "அத்தெருவில் அப்படிப்பட்ட கட்டடத்தை இன்று மாலையே இடியுங்கள்!"

"இடிக்கும் பொறுப்பை விகடகவி விடங்கனுக்குக் கொடுக்கலாமே? தவறினால் அவன் பதவி போகட்டும்" என்றார் அமைச்சர் இனிக்க இனிக்க. விடங்கனைக் கண்டாலே அவருக்கு எரிச்சல்.

விடங்கனுக்கு அந்த வீட்டை இடிக்க மனமில்லை. அவன் தாய் இறந்தபோது நாள் முழுக்கப் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அந்தப் பிக்குதான்.

மாலையில் கடப்பாரை ஆட்களோடு போனான். உள்ளே முப்பது பேர் கண்மூடி அமர்ந்திருந்தார்கள். வாசலில் ஒரு செருப்புகூட இல்லை! பிக்கு செருப்பே போடுவதில்லை. மற்றவர்கள் எல்லாம் பக்கத்து வீடு, அடுத்த வீடு. நாலடி நடக்க யாராவது செருப்பு மாட்டுவார்களா? பல்லக்கை விட்டு இறங்கினால்தானே அமைச்சருக்கு இது தெரியும்!

விடங்கன் திரும்பிப் பார்த்தான். மாளிகை வாசலில் சிபாரிசு கேட்டு வெளியூரிலிருந்து வந்தவர்களின் செருப்புகள் குவிந்து கிடந்தன. நாற்பத்திரண்டு ஜோடி.

"எடுங்கப்பா கடப்பாரையை!"

மதிலில் நாலு கல் விழுவதற்குள் அமைச்சர் தலைப்பாகை அவிழ ஓடிவந்தார். "அடப்பாவி, இது என் வீடுடா!"

"நானும் அப்படித்தான் ஐயா நம்பிக்கிட்டிருந்தேன். செருப்பு வேற மாதிரி சொல்லுதே."

சேதி கேட்டு அரசரே வந்தார். இரண்டு வாசலையும் பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஏகவீரரே, இடிப்பதை நாலு கல்லோடு நிறுத்துகிறேன். சட்டம் மட்டும் இருக்கட்டும். நாளை முதல் உம் வாசல் செருப்புகளை விடங்கன் எண்ணுவான்."

முத்துமாலையைக் கழற்றி விடங்கன் கழுத்தில் போட்டுவிட்டு, பிக்குவைப் பார்க்க ஓட்டு வீட்டுக்குள் நுழைந்தார். வாசலில் அவருடைய பாதுகைகள்.

"ஒரு ஜோடி ஆயிற்று, அரசே!" என்று விடங்கன் உரக்க எண்ணினான். உள்ளேயிருந்து அரசரின் சிரிப்பு தெருமுனை வரை கேட்டது.