பெரிய மீனின் வேலை

"அம்மா, எனக்கு விடை கொடுங்க. நாளைக்குச் சாயங்கால வண்டியில காசிக்குக் கிளம்புறேன்."

அம்பலவாணர் இதைச் சொன்னபோது, குரு அரசியம்மா முற்றத்தில் உட்கார்ந்து பிள்ளைகளின் சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"அந்தத் தட்டைத் துடைச்சு அடுக்குங்க ஐயா" என்றார்.

அவர் துடைத்து அடுக்கினார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். குருவுக்கு வயது நாற்பதைத் தாண்டவில்லை. சீடருக்கோ, பேரன் காலேஜில் படிக்கிறான். இருக்கட்டுமே, ஞானம் என்ன ரேஷன் கடையா, வயசானவர்கள் முதலில் வரிசையில் நிற்க?

மடம் என்று பேர், அவ்வளவுதான். கடற்கரையில் ஒரு ஓட்டுக் கட்டடம். விடிந்ததும் ஊர்ப் பெண்கள் பாசி எடுக்கக் கடலுக்குள் போய்விடுவார்கள். அவர்கள் திரும்பும்வரை அவர்களுடைய பொடிசுகள் இங்கே இருக்கும். அதுகளுக்குச் சோறு ஊட்டி, மூக்குச் சிந்திவிட்டு, நாலு நல்லதைச் சொல்லித் தருவதுதான் அரசியம்மாவின் பூசை, தவம் எல்லாம்.

அம்பலவாணர் பத்திரப் பதிவு ஆபீசில் அதிகாரியாக இருந்தவர். ஒரு நாளும் கை நீட்டாதவர். நல்ல விஷயம்தான், கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் மனிதர் அதோடு நின்றாரா? அடுத்தவர் வாங்கிக் கொடுத்த டீயைத் தொட மாட்டார். பஸ்ஸில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால் உட்கார மாட்டார். மடத்துக்கு வந்த பிறகும் அவர் வேட்டியை அவரேதான் துவைப்பார், அவர் கஞ்சியை அவரேதான் காய்ச்சுவார். வாளியைப் பிடிக்க யாராவது ஓடி வந்தால், "வேண்டாம், நானே பார்த்துக்கிறேன்" என்பார்.

"திடீர்னு காசி எதுக்கு?" என்றார் அரசியம்மா.

"யாருக்கும் பாரமில்லாம இருந்து முடிச்சிடலாம்னுதான்."

"இங்க யாருக்குப் பாரமா இருக்கீங்க?"

அவர் எழுந்து, அடுக்கிய தட்டுகளை உள்ளே வைத்துவிட்டு வந்தார்.

"காலை ஏன் இழுத்து இழுத்து வைக்கிறீங்க?"

"வாயுப் பிடிப்பு."

"காட்டுங்க."

"ஒண்ணுமில்லம்மா. நானே பார்த்துக்கிறேன்." வேட்டியை இழுத்துப் பாதத்தை மூடிக்கொண்டார்.

வாயுவாவது, பிடிப்பாவது! போன வாரம் கடலில் குளிக்கப் போனவர், பாறை இடுக்கில் கிடந்த கடல் முள்ளெலி என்கிற கறுப்பு முள் உருண்டையை மிதித்துவிட்டார். முள் உள்ளேயே முறிந்துவிட்டது. மனிதர் சர்க்கரைக்காரர். இப்போது பெருவிரல் வீங்கிக் கறுத்து, ஓரத்தில் சீழ் கோத்திருக்கிறது. நேற்றிலிருந்து வலி குறைந்திருக்கிறது. சர்க்கரைக்காரருக்குக் காலில் வலி குறைந்தால் அது நல்லதுக்கா? அவருடைய சித்தப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பித்து முழங்காலோடு எடுத்தார்கள்.

அதுதான் காசி. நாளைக்கு இந்தக் காலை வெட்டி எடுத்துவிட்டால், தூக்கி உட்காரவைக்கவும் மலம் மூத்திரம் அள்ளவும் ஒரு ஆள் வேண்டும். அந்தத் தொல்லையை யாருக்கும் கொடுக்கக் கூடாது. தெரியாத ஊரில் ஏதாவது ஒரு படிக்கட்டில் கிடந்து போய்ச் சேரட்டும். இது அம்பலவாணர் போட்டிருந்த கணக்கு.

அரசியம்மாவுக்கு விஷயம் புரியாமல் இல்லை. அதற்காக வளர்ந்த மனிதரின் காலைப் பிடித்து இழுத்தா பார்க்க முடியும்?

"சரி, போங்க. காலையில ஒரே ஒரு பாடம் எடுத்துட்டுப் போங்க."

"என்ன பாடம்?"

"பவளப்பாறையில இருக்கிற உயிரெல்லாம் ஒண்ணுக்கொண்ணு எப்படி ஒத்தாசை பண்ணுதுன்னு. வாயால சொன்னா இதுக கேட்காது. விளையாட்டா நடத்துங்க."

"விளையாட்டுல நான் என்ன?"

"கலவா. பெரிய மீன்."

"அதுக்கு என்ன வேலை?"

"ஒரு வேலையும் இல்ல. அசையாம சும்மா இருக்கணும்."

அம்பலவாணருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சும்மா இருப்பதா! தினமும் விடியுமுன் எழுந்து கண்ணை மூடிக்கொண்டு அதைத்தானே பழகுகிறார்?

"அது எனக்குக் கைவந்த கலைம்மா."

"பார்ப்போம்" என்றார் அரசியம்மா.

மறுநாள் காலை, கிழிந்த வலையை முற்றத்தில் விரித்துப் பவளப்பாறை ஆக்கினார்கள். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்தார்கள்.

அம்பலவாணர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பாறையில பூ மாதிரி ஒரு பிராணி இருக்கு. கடல் சாமந்தின்னு பேரு. தொட்டா சுள்ளுன்னு கொட்டும். ஆனா அதுக்குள்ளயே ஒரு கோமாளி மீன் குடியிருக்கும். அதை மட்டும் கொட்டாது. இது அதுக்குக் காவல், அது இதுக்கு வீடு."

"கலவா என்ன செய்யும் தாத்தா?" என்றாள் பாண்டிமீனா. அஞ்சு வயசு. முன்பல் ரெண்டும் கிடையாது.

"கலவாவோட உடம்புல பூச்சி ஒட்டிக்கும். பல்லு இடுக்குல அழுக்கு சேரும். அதுக்குக் கையா இருக்கு, எடுத்துக்க? அதனால பாறைகிட்ட வந்து வாயைத் திறந்துக்கிட்டு நிக்கும். நீலக்கோடு போட்ட குட்டி மீன் ஒண்ணு வந்து, உடம்பெல்லாம் கொத்திச் சுத்தம் பண்ணும். வாய்க்குள்ளயே போயிட்டு வரும்."

"முழுங்கிடாதா?"

"முழுங்காது. கலவாவுக்குச் சுத்தம், குட்டி மீனுக்குச் சோறு."

"அப்ப நாங்கதான் குட்டி மீனு!"

அவ்வளவுதான். பதில் சொல்ல விட்டால்தானே? மொத்தக் கூட்டமும் எழுந்து வந்து அவர்மேல் விழுந்தது.

ஒருத்தன் காதுக்குள் விரல் விட்டான். ஒருத்தி தாடியில் பேன் பார்த்தாள். முனீஸ் ஒரு வேப்பங்குச்சியைக் கொண்டுவந்து, "ஆ காட்டு கலவா" என்றான். அம்பலவாணர் ஆ காட்டினார். கூசியது. சிரிப்பு வந்தது. அசையக் கூடாதே என்று பல்லைக் கடிக்கப் பார்த்தால், பல்லுக்கு நடுவில் குச்சி இருந்தது.

அரசியம்மா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாலைக் காணோமே" என்றாள் பாண்டிமீனா.

யாரும் தடுக்குமுன் வேட்டியைத் தூக்கிவிட்டாள்.

பிள்ளைகள் கப்சிப்பென்று ஆகிவிட்டார்கள். முனீஸ் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

அம்பலவாணர் வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டார். "தொடாதே! போ அங்கிட்டு!"

அப்படி ஒரு குரல் அவரிடம் இருப்பது அவருக்கே தெரியாது. மற்றப் பிள்ளைகள் வலையைத் தாண்டி ஓடிவிட்டார்கள். பாண்டிமீனா மட்டும் ஓடவில்லை. நீட்டிய கை நீட்டியபடி நின்றாள். உதடு பிதுங்கியது.

"நா நல்லாச் செய்யலியா தாத்தா?"

வேட்டியை இழுத்துவிடப் போன அம்பலவாணரின் கை அப்படியே நின்றது.

இதே கேள்வியை மருமகள் செண்பகவல்லி கேட்டிருக்கிறாள். காய்ச்சலாகக் கிடந்தபோது ரசம் வைத்துக் கொண்டுவந்தாள். "வை, நானே பார்த்துக்கிறேன்" என்றார். வேட்டியைத் துவைக்க எடுத்தாள், பிடுங்கிக்கொண்டார். பெண்டாட்டி திதியன்று அவர் காலில் விழுந்து எழுந்த செண்பகவல்லி, "நான் என்ன சரியாச் செய்யல மாமா?" என்று கேட்டு அழுதாள். அன்றைக்கு அவர், பெண்பிள்ளை எதற்கெடுத்தாலும் அழுகிறதே என்றுதான் நினைத்தார். அடுத்த மாதமே மடத்துக்கு வந்துவிட்டார். யாருக்கும் தொல்லை கொடுக்காத மனிதன் என்று தன்னைப் பற்றி அவருக்கு ரொம்பப் பெருமை.

எத்தனை பேரை இப்படி நீட்டிய கையோடு நிறுத்தி வைத்தோமோ!

பாண்டிமீனாவின் கண்ணிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.

"நல்லாத்தான் செஞ்சே கண்ணு" என்றார். "கலவாதான் அசைஞ்சிடுச்சு."

காலை நீட்டுவதா? நீட்டவே முடியவில்லை. கொஞ்சம் நீட்டினார், உடம்பு முழுக்கக் கூசிப்போய் மடக்கினார். மறுபடி நீட்டினார். இரண்டு கையாலும் தரையை இறுகப் பற்றிக்கொண்டார். விடிகாலைத் தியானத்தில் ஒரு நாளும் இத்தனை வேர்த்ததில்லை.

பாண்டிமீனா சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்தக் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். மூக்கைச் சுளிக்கவில்லை. குனிந்து உற்றுப் பார்த்தாள். பிறகு வாயைக் குவித்து ஊதினாள். ஊதி முடித்து, அரசியம்மா பக்கம் தலையைத் திருப்பிக் கத்தினாள்.

"அக்கா! தாத்தாவுக்கு காலு அழுகிப் போச்சு!"

அரசியம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குனிந்து காலைப் பார்த்தார்.

"ஆமாம்மா" என்றார் அம்பலவாணர். "எனக்குப் பயமா இருக்கு."

சொன்னதும் அழுதுவிட்டார். அத்தனை வயசு மனிதர், சின்னப் பிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழுதார். பாண்டிமீனா காலை விடவே இல்லை.

அதன் பிறகு நடந்ததெல்லாம் அவர் கையில் இல்லை. முனீசின் மாமா ஆட்டோவைக் கொண்டுவந்தார். பாண்டிமீனாவின் அம்மா கடலிலிருந்து ஈரச்சேலையோடு ஓடி வந்து, அவர் தோளைத் தாங்கிக்கொண்டாள். "உள்ளூருல இருந்துக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லலியே பெரியவரே, நாங்க என்ன செத்தா போனோம்?" என்று வழி நெடுக வைதுகொண்டே வந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒருத்தி அவர் கையைப் பிடித்துக்கொள்ள, டாக்டர் விரலைக் கீறிச் சீழை எடுத்தார், முள்ளை எடுத்தார்.

"விரல் தப்பிச்சது" என்றார் டாக்டர். "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தீங்கன்னா நான் ஒண்ணும் சொல்லியிருக்க முடியாது. தினமும் வந்து கட்டு மாத்தணும். காலைத் தரையில ஊன்றவே கூடாது. கூட ஆள் இருக்கா?"

"இருக்கோம்" என்றாள் பாண்டிமீனாவின் அம்மா.

வெளியே வெயில் சாய்ந்துவிட்டது. காசிக்குப் போகிற வண்டி இந்நேரம் கிளம்பியிருக்கும். ஆஸ்பத்திரி வாசலில் முனீசின் மாமா ஆட்டோவைப் படியோடு ஒட்டிக் கொண்டுவந்து நிறுத்தினார். அம்பலவாணர் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார். ஒரு பக்கம் பாண்டிமீனா அம்மாவின் தோள், மறுபக்கம் அரசியம்மாவின் தோள்.

"அம்மா" என்றார். "இத்தனை பேர் செஞ்சிருக்கீங்க. இதையெல்லாம் நான் எப்படித் திருப்பிச் செய்யப்போறேன்?"

"செய்யாமலே ஊரை விட்டுப் போயிடுவீங்களா?"

"அதெப்படிம்மா போக முடியும்?"

"அப்ப என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஏறுங்க" என்றார் அரசியம்மா.