இடுக்கில் நின்ற கரடி

இலுப்பை மரங்கள் அடர்ந்த ஒரு காட்டில் தேனன் என்றொரு கரடியும், அவன் மனைவி வேம்பியும் வாழ்ந்து வந்தார்கள். தேனன் சாது. வேம்பி ரோஷக்காரி. ரோஷம் நல்லதுதான் குழந்தைகளே, ஆனால் அது வேம்பியை என்ன பாடு படுத்தியது என்று கேளுங்கள்.

ஒரு மழைக்காலம் முடிந்த கையோடு தேனனின் வலது கை நடுங்கத் தொடங்கியது. பிறகு அவன் காலடிகள் குறுகின. குரல் தேய்ந்து போனது. முகத்தில் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. மனதுக்குள் எல்லாம் இருந்தது, வெளியே காட்டத்தான் முடியவில்லை. கரையான் புற்றைக்கூட வேம்பிதான் உடைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. தூக்கத்தில் தானாகப் புரண்டு படுக்கவும் அவனால் முடியாது. அவள்தான் எழுந்து எழுந்து புரட்டிவிடுவாள்.

இதை அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. அதற்குக் காரணம் இருந்தது.

கோடையில் சுனை வற்றியதும் அந்தக் காட்டு விலங்குகள் எல்லாம் வரிசையாக மலையைத் தாண்டி ஆற்றங்கரைக்குப் போகும். வழியில் இரண்டு பாறைகளுக்கு நடுவே ஓர் இடுக்கு உண்டு. ஒருவர் பின் ஒருவராகத்தான் அதில் நுழைய முடியும். நடுவில் யாராவது நின்றுவிட்டால், பின்னால் நிற்பவர்களைப் புலி அடித்துவிடும். அதனால் நடை தளர்ந்தவர்களை வரிசையில் சேர்ப்பதில்லை. அவர்கள் வற்றிய சுனையோரமே தங்கிவிட வேண்டும். அப்படித் தங்கியவர்கள் யாரும் அடுத்த மழையைப் பார்த்ததில்லை.

ஒருநாள் முயல் வந்தான். அவன் வாயாடி.

"தேனண்ணன் முகம் கொடுத்தே பேச மாட்டேங்கிறாரே, என்ன கோபம் அக்கா? நடையும் ஒரு மாதிரி இருக்கே" என்று கேட்டான்.

வேம்பி தேனனை மறைத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றாள். பிறகு, "இலுப்பைப் பூ கொஞ்சம் அதிகமாப் போச்சு, வேற ஒண்ணுமில்ல" என்றாள்.

புளித்த இலுப்பைப் பூவைத் தின்றால் கரடிக்குப் போதை ஏறும் என்பது காட்டில் எல்லாருக்கும் தெரியும். முயல் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, செய்தியைக் காடு முழுக்கப் பரப்பினான். பாவம், தேனன் அந்தப் பூவை ஒருநாளும் வாயில் வைத்தவன் அல்ல. அவன் மறுக்கத்தான் பார்த்தான். அவன் குரல் எழுந்து வருவதற்குள் முயல் போய்விட்டான்.

அவர்கள் குகைக்கு எதிரே ஒரு மரங்கொத்தி இருந்தாள். யார் வேண்டாம் என்றாலும் உதவிக்கு வந்து நிற்பது அவள் சுபாவம். அவள் ஒருநாள் பறந்து வந்து, "அக்கா, அண்ணன் நடக்கிறதைப் பார்த்துக்கிட்டே இருக்கேன். ஒரு விஷயம் சொல்லணும்" என்றாள்.

"எங்க வீட்டு விஷயத்துல நீ தலையிடாதே" என்று வேம்பி கத்தினாள்.

அதோடு விடவில்லை. மறுநாளே தேனனை அழைத்துக்கொண்டு, அக்கம்பக்கம் யாரும் இல்லாத வேறொரு குகைக்குக் குடிபோனாள். அங்கே போனபிறகு அவன் நடை இன்னும் மோசமானது. நோய் முற்றிவிட்டது என்று அவள் நினைத்தாள். தேன் எடுப்பது, புற்றை உடைப்பது, அவனுக்கு ஊட்டுவது, விழுந்தால் தூக்கிவிடுவது என்று எல்லாமே அவள் தலையில் விழுந்தது. சில நாள் அவன் தடுமாறி விழும்போது அவளுக்கு இரக்கத்துக்கு முன்னால் எரிச்சல் வந்தது. பிறகு அதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள். அழக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

கோடை வந்தது. சுனை வற்றியது. விலங்குகள் வரிசை கட்டின. வேம்பி தேனனை முன்னால் விட்டு, யாருக்கும் தெரியாமல் இடுப்பைத் தாங்கிக்கொண்டு நடந்தாள். இடுக்கின் வாசல்வரை எப்படியோ வந்துவிட்டார்கள்.

அங்கே தேனனின் கால்கள் நின்றுவிட்டன. தரையில் பிசின் போட்டு ஒட்டியதுபோல் அசையவே இல்லை.

"நடங்க" என்று வேம்பி அவன் காதில் கெஞ்சினாள். அவனுக்கும் நடக்கத்தான் ஆசை. கால்தான் கேட்கவில்லை.

பின்னால் நின்ற காட்டுப்பன்றி அவசரக்காரன். "குடிகாரனை யார் வரிசையில விட்டது? இழுத்து ஓரமாப் போடுங்க" என்று உறுமிக்கொண்டே வேம்பியைத் தாண்டி வந்து முட்டினான். தேனன் குப்புற விழப்போனான். வேம்பி பாய்ந்து பிடித்தாள்.

அவ்வளவுதான், இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் உடைந்து வந்துவிட்டது.

"அவரு குடிக்கல. அவருக்கு உடம்பு சரியில்ல. நான்தான் பொய் சொன்னேன். விட்டுட்டுப் போயிடுவீங்கன்னு பயந்து சொன்னேன். இனிமே என்னால ஒண்டியா முடியாது."

பன்றி எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மண்ணைப் பார்த்தான்.

அப்போது மரங்கொத்தி பறந்து வந்தாள். "யாரும் தள்ளாதீங்க, இழுக்காதீங்க. கொஞ்ச நேரம் சும்மா இருங்க" என்று சொல்லிவிட்டு, இடுக்கின் மேலே நின்ற பட்ட மரத்தில் உட்கார்ந்தாள். வழக்கமான வேகத்தில் கொத்தாமல் நிதானமாகக் கொத்தினாள்.

டொக்... டொக்... டொக்...

தேனனின் ஒரு கால் எழுந்தது. அடுத்த சத்தத்துக்கு மறுகால் எழுந்தது. சத்தம் விழ விழ அவன் அடி வைத்தான். கை நடுங்கிக்கொண்டேதான் இருந்தது, ஆனால் கால்கள் இடுக்கைக் கடந்துவிட்டன. மற்றவர்களும் பின்னாலேயே கடந்து வந்தார்கள்.

"நான் கொத்துற மரத்துக்குக் கீழ போகும்போது மட்டும் அண்ணன் நடை சீரா இருந்துச்சு. அதைச் சொல்லத்தான் அன்னைக்கு வந்தேன்" என்றாள் மரங்கொத்தி.

வேம்பி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். எந்தச் சத்தம் அவனை நடக்க வைத்ததோ, அதைவிட்டு அவனைத் தூரமாகக் கூட்டிப்போனது அவளேதான். அதை நினைத்து நினைத்து அழுதாள். மரங்கொத்தி ஒன்றும் சொல்லிக்காட்டவில்லை.

ஆற்றங்கரையில் தேனனின் நோய் தீர்ந்துவிடவில்லை. தீர்ந்தது என்று சொன்னால் உங்கள் காதில் பூச்சுற்றுகிறேன் என்று அர்த்தம். ஆனால் தண்ணீருக்குப் போகும் வேளையில் மரங்கொத்தி வந்து கொத்தினாள். பன்றி புற்றுகளைத் தோண்டி வைத்தான். தேனனுக்குப் புரள வேண்டுமென்றால் அவனே தோளும் கொடுத்தான். அடுத்த கோடையிலிருந்து நடை தளர்ந்தவர்களே வரிசையில் முதலில் போவது, பலசாலிகள் பின்னால் காவலுக்கு நிற்பது என்று எல்லாரும் கூடி முடிவு செய்தார்கள்.

முயலுக்குத் தரப்பட்ட வேலைதான் கஷ்டமாக இருந்தது. தேனன் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து, குரல் வரும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருந்தான். வெகுநேரம் கழித்து மெல்லிய குரல் வந்தது.

"நான் அந்தப் பூவைத் தின்னதே இல்லப்பா."

"தெரியும்ண்ணே" என்றான் முயல். "எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

தேனனின் முகம் அப்போதும் மாறவில்லை. கண் மட்டும் கலங்கியது. அதை வேம்பிக்குச் சொல்லலாம் என்று முயல் திரும்பிப் பார்த்தான். அவள் மருதமரத்தடியில், யாரையும் புரட்டிவிட எழ வேண்டிய கவலையில்லாமல், அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவன் எழுப்பவில்லை.

நீதி: வீட்டில் இருக்கும் நோயை ஊருக்கு மறைத்தால், ஊர் தரக்கூடிய துணையும் வீட்டுக்கு வராமல் போய்விடும்.