கண்ணை மூடிக் கழுவிய கால்

“அம்மா, ஏழு மாசமாக் கால் கழுவுறேன். ஒருத்தர்கிட்டயும் ஆண்டவரைக் காணோம்.”

சந்தியாகு இப்படி அலுத்துக்கொண்டபோது தெக்லாம்மா கஞ்சிப் பானையை இறக்கிக்கொண்டிருந்தார்.

சந்தியாகுவுக்கு அறுபத்தொரு வயது. தபால் ஆபீசில் ஓய்வு பெற்ற கையோடு, கிறிஸ்துவைப் பார்க்காமல் விடுவதில்லை என்று ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்த மனுஷன். அவருக்குக் குருவான தெக்லாம்மா அவரைவிடப் பதினாறு வயது இளையவர்.

வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் அந்த ஆசிரமத்தில் இறங்கி இளைப்பாறுவார்கள். யார் வந்தாலும் வாசலிலேயே உட்காரவைத்து, வெந்நீரில் கால் கழுவிவிட்டுத்தான் உள்ளே அழைப்பது. வருகிறவர் கிறிஸ்து. அங்கே அதுதான் சட்டம்.

“இன்னிக்கு எத்தனை பேர்?”

“விடிஞ்சதுலேர்ந்து பதினோரு பேரும்மா.”

“கடைசியா வந்தவர் எப்படி இருக்கார்?”

“காவி வேட்டி கட்டினவர். பெரிய பக்திமான் போல. கண்ணையே திறக்க மாட்டேங்கிறார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாக்கூட இருந்துச்சு.”

தெக்லாம்மா பானையைப் போட்ட வேகத்தில் கஞ்சி தெறித்தது. சாப்பாட்டுக் கூடத்துக்கு ஓடினார். சந்தியாகுவும் பின்னாலேயே ஓடினார்.

அந்த ஆள் சுவரில் சாய்ந்திருந்தார். தட்டில் கஞ்சி அப்படியே இருந்தது. இமை இரண்டும் பாதி இறங்கிக் கிடந்தன.

“ஐயா, உங்க பேரு என்ன?”

“முடி... யப்பன்.” நாக்கு குழறியது.

தெக்லாம்மா அவருடைய காலை இழுத்து மடியில் வைத்துப் பார்த்தார். கணுக்காலுக்குக் கீழே ஊசி குத்தின மாதிரி இரண்டு புள்ளி.

“இந்தக் காலைக் கழுவினது யாரு?”

“நான்தாம்மா.”

“இதைப் பார்க்கலையா?”

“கண்ணை மூடியிருந்தேன். மூடினாத்தாம்மா ஆண்டவர் காலைக் கழுவுற மாதிரி மனசு லயிக்குது.”

“இவர் ஏதாவது சொன்னாரா?”

“சொன்னார்... ஜெபத்துல இருந்தேன். காதுல வாங்கலை.”

தெக்லாம்மா ஏறிட்டுப் பார்த்தாரே ஒரு பார்வை, அப்பப்பா! நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம்.

“கட்டுவிரியன் கடிச்சிருக்கு. வலிக்காது, வீங்காது, ஆளை அமுக்கிடும். வண்டியைக் கூப்பிடுங்க.”

டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டர் கேள்வி மேல் கேள்வி கேட்டார்.

“எப்போ கடிச்சுது?”

சந்தியாகுவுக்குத் தெரியவில்லை.

“வயித்து வலின்னு சொன்னாரா? வாந்தி எடுத்தாரா?”

தெரியவில்லை.

“நீங்க இவருக்கு என்ன வேணும்?”

அதுவும் தெரியவில்லை.

விஷமுறிவு மருந்தை ஏற்றினார்கள். ஆனாலும் மூச்சு இறங்கிக்கொண்டே போனது. அங்கே இருந்தது ஒரே ஒரு மூச்சுக் கருவி. அதில் வேறொருவர் இருந்தார். முடியப்பன் தொண்டையில் குழாய் செருகி, நுனியில் ஒரு ரப்பர் பையை மாட்டினார்கள்.

“பெரிய ஆஸ்பத்திரி வண்டி வர சாயங்காலம் ஆயிடும். அதுவரைக்கும் யாராவது இதை அமுக்கிக்கிட்டே இருக்கணும். நிறுத்தினா ஆள் இல்லை,” என்றார் டாக்டர். “அவருக்கு நாம பேசுறதெல்லாம் கேட்கும். கண்ணைத்தான் திறக்க முடியாது.”

தெக்லாம்மா பையை வாங்கிச் சந்தியாகுவின் கையில் திணித்தார்.

“கண்ணை மூடிடாதீங்க.”

அவ்வளவுதான் சொன்னார். முடியப்பனின் வீட்டாரைத் தேடிப் போய்விட்டார்.

சந்தியாகு அமுக்கினார். நெஞ்சு ஏறியது. விட்டார். இறங்கியது.

பழக்கதோஷத்தில் ஜெபம் உதட்டுக்கு வந்தது. உடனே ஒரு மூச்சு பிசகியது. நெஞ்சு ஏறவில்லை. பதறிப்போனார். சீ, இப்போ அதுக்கா நேரம் என்று ஜெபத்தை விட்டுவிட்டு அந்த முகத்தையே பார்த்தார்.

இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு இருந்தது. உதடு வெயிலில் வெடித்திருந்தது. மூக்கின் ஓரத்தில் ஒரு மச்சம். காலையில் ஒரு சாண் தூரத்தில் இருந்த முகம் இது.

“முடியப்பன் ஐயா,” என்றார். “வாசல்ல என்கிட்ட ஏதோ சொன்னீங்க. பாவி நான், கேட்டுக்கலை. எழுந்து இன்னொரு தடவை சொல்லுங்க. போயிடாதீங்கய்யா.”

விரல் மரத்துப்போனது. கை மாற்றி அமுக்கினார். தோள் எரிந்தது. மத்தியானம் போனது.

மூன்று மணிக்குத் தெக்லாம்மா திரும்பி வந்தார். “அவர் மகன் கிளம்பிட்டார். எழுந்திருங்க, கொஞ்ச நேரம் நான் அமுக்குறேன்.”

“வேண்டாம்மா. இவர் மூச்சு எனக்குப் பிடிபட்டுடுச்சு.”

“காலையிலேர்ந்து தண்ணிகூடக் குடிக்கலையே நீங்க...”

“பேசாம இருங்கம்மா! தப்பிடப்போவுது.”

குருவைப் பார்த்து இப்படி ஒரு அதட்டல்! தெக்லாம்மா நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். கட்டிலின் கால்மாட்டில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார்.

ஐந்து மணி இருக்கும். முடியப்பனின் இமை ஒரு நூல் அளவு விலகியது. கருவிழி இங்கும் அங்கும் அலைந்தது. பிறகு சந்தியாகுவின் முகத்தில் வந்து நின்றது. நின்றது நின்றதுதான், நகரவில்லை.

சந்தியாகுவுக்கு அழுகை பொங்கியது. கை மட்டும் நிற்கவில்லை.

“நன்றிங்கய்யா,” என்றார். “ரொம்ப நன்றிங்க... ரொம்ப நன்றி.”

மருந்து மாற்ற வந்த நர்ஸ் சிரித்துவிட்டாள். “என்ன பெரியவரே, அவர்தானே உங்களுக்கு நன்றி சொல்லணும்?”

சந்தியாகு அந்தக் கண்ணிலிருந்து தன் கண்ணை எடுக்கவில்லை.

“என்னைப் பார்த்துட்டாரும்மா.”