கோதண்டம் துறந்த சிஸ்டங்கள்

சவ்வாது மலையடிவாரத்தில் ஒரு தியான சபை. அதன் தலைவி செண்பகவடிவு, ஒரு காலத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இன்ஜினியர். சபையின் ஒரே கணினி அவருடைய சீடர் கோதண்டத்தின் பொறுப்பில் இருந்தது.

கோதண்டம் நல்லவர். கை மட்டும் சும்மா இருக்காது. பழைய ஆபரேட்டிங் சிஸ்டம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்க, அதன் பக்கத்திலேயே புதிதாக மூன்றைப் போட்டு ருசி பார்த்தார்.

அன்று காலைத் தியானத்தில் அவருக்கு வைராக்கியம் வந்துவிட்டது. நேராகப் போய்ப் புது சிஸ்டங்கள் மூன்றையும் ஒரே மூச்சில் அழித்தார். துறவுக்கு யாரிடம் அனுமதி கேட்பது?

கணினியை அணைத்து மறுபடி போட்டார். கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி வந்து நின்றது. பழைய சிஸ்டத்தையும் காணோம்.

சபையில் பாடிவந்த மரகதம் போன மாதம்தான் காலமானார். அவர் குரல் இருந்தது இந்தக் கணினியில் மட்டும். அந்தப் பதிவு திறப்பதும் பழைய சிஸ்டத்தில் மட்டும். அதைக் கேட்க மரகதத்தின் மகள் மதிய பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள்.

செண்பகவடிவு உள்ளே வந்தபோது, கோதண்டம் பென்டிரைவைச் செருகி டிஸ்க் முழுவதையும் துடைத்து பார்மட் செய்யப் போனார்.

“என்ன பண்றீங்க?”

“எல்லாம் போயிடுச்சும்மா. புதுசா போட்டுடறேன்.”

“போயிடுச்சுன்னு யார் சொன்னா?”

“திரையே சொல்லுதே.”

“உள்ள எட்டிப் பாத்தீங்களா?”

பார்க்கவில்லை. பென்டிரைவிலிருந்தே கணினியை எழுப்பி டிஸ்க்கைத் திறந்தார். மரகதத்தின் பாடல்கள் அத்தனையும் அங்கேயே இருந்தன. கோதண்டத்துக்கு அழுகை வந்துவிட்டது.

“அப்புறம் ஏம்மா எழுந்திருக்க மாட்டேங்குது?”

“வாசல்ல நின்னு வழி காட்டுறது யாரு?”

“பூட்லோடர். எந்த சிஸ்டத்தை எழுப்பணும்னு கணினிக்குச் சொல்றவர்.”

“பழையவர் எங்க?”

கோதண்டம் யோசித்தார். “கடைசியா போட்ட சிஸ்டம் அவரைத் தள்ளிட்டுத் தன்னோட ஆளை நிறுத்திச்சு. நான் அந்த சிஸ்டத்தையே அழிச்சுட்டேன்.” குரல் இறங்கியது. “அதோட ஆளும் போயிட்டார்.”

“பழையவரைக் கூப்பிடுங்க.”

“புது ஆளைப் போட்டா பட்டியல்ல படமெல்லாம் வரும்மா.”

“அந்தப் பொண்ணு படம் பாக்கவா வருது?”

பழைய பூட்லோடரை மறுபடி நிறுத்தக் கோதண்டம் கமாண்ட் அடித்தார். பிழை என்றது. செண்பகவடிவைப் பார்த்தார். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடித்ததை எழுத்தெழுத்தாகப் படித்துத் திருத்தி, மறுபடி அடித்தார். கணினி ஒத்துக்கொண்டது.

பென்டிரைவைப் பிடுங்கிவிட்டுக் கணினியை மறுபடி போட்டார். படம் எதுவும் இல்லாத பழைய பட்டியல் வெள்ளை எழுத்தில் வந்தது. பின்னாலேயே பழைய சிஸ்டம் எழுந்தது.

தோளில் பையோடு மகள் உள்ளே நுழைந்தாள். கோதண்டம் பதிவைப் போட, மரகதத்தின் குரல் கூடம் முழுக்க எழும்பியது. சமையல்கட்டில் இருந்தவர்கள் கரண்டியோடு ஓடிவந்தார்கள். மகள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள், சிரித்தாள், இன்னொரு தரம் போடச் சொன்னாள். கோதண்டத்துக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

பாட்டு முடிந்ததும் செண்பகவடிவின் முன்னால் வந்து கைகூப்பினார்.

“இனிமே புது சிஸ்டம் பக்கமே போக மாட்டேம்மா. சத்தியம்.”

“காலையில துறந்தது போதும், கோதண்டம். நாளைக்கே புதுசா ஒண்ணு போட்டுப் பாருங்க. இப்பதான் உங்களுக்குத் திரும்பி வரத் தெரியுமே.”